யார் முதலில், எது முதலில்: கழுத்துத் தமனி அடைப்பும் இதய பைபாஸும்

இந்தியாவின் முதல் வெற்றிகரமான இதய பைபாஸ் அறுவை 1975ஆம் ஆண்டு சென்னைப் பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் கே.எம். செரியனால் செய்யப்பட்டது என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. தென்னக இரயில்வேயின் தலைமையக மருத்துவமனை அது. திருவெறும்பூரை அடுத்த பொன்மலைப் பணிமனைத் தொழிலாளருக்கும் அதுவே மேல்நிலை மருத்துவமனை. மருத்துவ வரலாறு பெரும்பாலும் இத்தகைய ‘முதல்’களின் வரிசையாகவே எழுதப்படுகிறது. ஆனால் இதயத்தோடு கழுத்துத் தமனியும் அடைபட்ட நோயாளிக்கு ‘யார் முதலில்’ என்பதைவிட ‘எது முதலில்’ என்ற வினாவே உயிர்வினாவாக இருந்துள்ளது.

மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கரோட்டிட் தமனியின் உட்சுவரில் கொழுப்புப் படிந்தால் பக்கவாதம் நேரலாம். 1953இல் ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி அத்தமனியைத் திறந்து படிவை அகற்றினார். அந்நோயாளி மீண்டும் பக்கவாதத்திற்கு ஆளாகாமல் 19 ஆண்டுகள் வாழ்ந்து, இறுதியில் இதயத் தமனி நோயால் இறந்தார். டிபேக்கி இதனை விரிவாக வெளியிட்டது, பெரம்பூர் அறுவை நிகழ்ந்த அதே 1975இல். கழுத்து காப்பாற்றப்பட்டும் இதயம் கைவிட்டது என்பதே இவ்வரலாற்றின் மையச் சிக்கல். ஒரே நோய் இரண்டு இடங்களையும் தாக்குகிறது. சிகிச்சைகளோ தனித்தனியே வளர்ந்தன.

பைபாஸை முதலில் செய்தால் அறுவையின்போதே பக்கவாதம் வரலாம். கழுத்தை முதலில் திறந்தால் மாரடைப்பு வரலாம். 1972இல் பெர்னார்டு குழுவினர் இரண்டையும் ஒரே அமர்வில் செய்த அனுபவத்தை வெளியிட்டனர். நலிந்த உடலுக்கு அது பெருஞ்சுமை.

1980ஐ ஒட்டி ஜெர்மனியின் கிளாவுஸ் மத்தியாஸ் கழுத்துத் தமனியைப் பலூனால் விரிக்கத் தொடங்கினார். பின்னர் ஸ்டென்ட் வந்தது. சிதறும் துகள்களைப் பிடிக்கும் வடிகட்டியுடன் அதற்கு அமெரிக்கா 2004இல் ஒப்புதல் அளித்தது. கழுத்தைக் கீறாமலே அடைப்பைத் திறக்க முடிந்ததால் சிக்கல் தீர்ந்ததாகத் தோன்றியது. உண்மையில் அது இடம் மாறியது. ஸ்டென்ட் வைத்தபின் உறைவைத் தடுக்க ஆஸ்பிரின், குளோபிடோகிரல் ஆகிய இரண்டையும் ஏறத்தாழ ஒரு மாதம் தரவேண்டும். அம்மருந்துகளோடு நெஞ்சைத் திறந்தால் இரத்தப்போக்கு மிகும். காத்திருந்தால் அந்த ஒரு மாதத்தில் இதயம் நிற்கக்கூடும். ஸ்டென்ட் விரியும்போது கழுத்து நரம்பு தூண்டப்பட்டு நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் சட்டென இறங்குவதும் உண்டு.

காலையில் ஸ்டென்ட் வைத்து, அன்றே பைபாஸ் செய்து, குளோபிடோகிரலை அறுவைக்குப் பின் தொடங்கும் முறை இந்நெருக்கடியில் உருவானதே. அறிகுறி காட்டாத ஒருபக்க அடைப்பிற்கு, பைபாஸுக்கு முன் கழுத்தைத் தொடவே வேண்டுமா என்ற விவாதம் இன்றும் அறுவை மருத்துவரிடையே நிகழ்கிறது.