கந்தூரி: விரிப்பு விருந்தான வரலாறு

கந்தூரி பாரசீகத்திலிருந்து வந்த சொல். அம்மொழியில் அதன் முதற்பொருள், உண்ண உட்காருபவர்களுக்கு முன்னால் தரையில் விரிக்கும் துணி அல்லது தோல் விரிப்பு. தமிழில் அந்தப் பொருளில் அது வழங்கியதில்லை. தமிழ் முஸ்லிம்களிடம் வந்து சேர்வதற்கு முன்பே விரிப்பு விருந்தாகிவிட்டது. வந்த பிறகு விருந்து விழாவாகவும் ஆனது.

உணவோடு ஒட்டிய ஒன்றின் பெயர் மற்றொன்றுக்கு ஆகிவருவது பல மொழிகளிலும் உண்டு. வரிசை என்று பொருள்படும் வடசொல்லான ‘பங்க்தி’ தமிழில் பந்தியாகி, உட்கார்ந்து உண்ணும் விருந்தைக் குறிக்கிறது. கல்யாண வீட்டில் ‘எத்தனை இலை விழுந்தது?’ என்றால் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்றே பொருள். அரபியில் ‘சுஃப்ரா’ முதலில் வழிப்பயணியின் கட்டுச்சோறு. பிறகு அதைக் கட்டிய தோல். இன்று உணவு மேசை. கந்தூரியின் பயணம் இதற்கு எதிர்த்திசையில், விரிப்பிலிருந்து சோற்றை நோக்கி நடந்தது.

இடைக்கட்டம் ஒன்றை உருது அகராதிகள் காட்டுகின்றன. சிறு உணவு விரிப்பு என்ற பொருளோடு, நபிகளின் மகள் பாத்திமா நாயகியின் பெயரால் அளிக்கப்படும் விருந்து என்ற பொருளையும் அவை தருகின்றன. வட இந்தியாவிலும் தக்காணத்திலும் அவ்விருந்துக்கு ‘பீபீ கீ சஹ்னக்’ என்றும் பெயர் உண்டு. சஹ்னக் என்றால் சிறு தட்டு. பெண்கள் சமைத்து, பெண்களே உண்ட இந்த விருந்துக்கு ஒரு பெயர் விரிப்பிலிருந்தும் மற்றொன்று தட்டிலிருந்தும் கிடைத்தது தற்செயலாகத் தோன்றவில்லை. ஒரே விரிப்பைச் சுற்றி, ஒரே தட்டில் கைவைத்து உண்பதுதான் அந்தச் சடங்கின் உயிர். தட்டைக் குறிக்கும் ‘சஹன்’ தமிழ்க் கடற்கரைக்கும் வந்தது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் சஹனைச் சுற்றி அமர்ந்து ஒன்றாக உண்ணும் வழக்கம் இன்றும் இருக்கிறது. இலங்கை முஸ்லிம்கள் ஒரு சஹனுக்கு ஆறு பேர் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்.

பாத்திமா நாயகியின் விருந்திலிருந்து இறைநேசர்களின் நினைவுநாள் விருந்துக்குச் சொல் நகர்ந்ததில் வியப்பில்லை. இறைநேசர் மறைந்த நாளை வட இந்தியாவில் ‘உருஸ்’ என்பார்கள். அரபியில் அது திருமணத்தைக் குறிக்கும். மரணத்தை இறைவனோடு சேரும் நாளாகக் கருதும் சூஃபி எண்ணம் அதற்குள் இருக்கிறது. தமிழ் ஊர்களில் உருஸ் என்ற சொல்லும் வழங்குகிறது. ஆனால் மக்கள் வாயில் நிலைத்தது கந்தூரிதான். அந்த நாளின் தத்துவத்தை விட அன்று கிடைக்கும் சோற்றைச் சொல்லும் பெயர் இது. இதைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை. அடக்கத்தலத்துக்கு வருபவர் எந்தச் சமயத்தவரானாலும் பசியோடு திரும்பக்கூடாது என்பதே அந்த வழக்கத்தின் அடிப்படை.

விருந்து விழாவானதை நாகூரில் காணலாம். அங்கே அடங்கியிருக்கும் இறைநேசர் ஷாகுல் ஹமீது ஆண்டகை ஹிஜ்ரி 978இல், அதாவது 1570இல் மறைந்தார். ஜமாதுல் ஆகிர் மாதம் பிறந்ததும் அங்குள்ள ஐந்து மனாராக்களிலும் கொடி ஏறும். அவற்றில் மிக உயரமான பெரிய மனாரா 131 அடி. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்தது. நாகப்பட்டினத்திலிருந்து சந்தனக்கூடு புறப்பட்டு இரவெல்லாம் ஊர்வலமாக நாகூர் வந்து சேரும். அதன் பின் அடக்கத்தலத்தில் சந்தனம் பூசப்படும். இந்தப் பதினான்கு நாள் விழா முழுவதும் சேர்ந்தே கந்தூரி. இங்கே கொடி, ஊர்வலம், சந்தனம் எல்லாம் பெயருக்குள் புகுந்துகொள்ள, சோறு அதன் ஒரு பகுதியாக ஒதுங்கிவிட்டது. ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு என்பதால் விழாவும் ஆண்டுதோறும் அந்த அளவு முன்னால் நகரும்; மழைக்காலக் கந்தூரியும் கோடைக்காலக் கந்தூரியும் ஒருவர் வாழ்நாளிலேயே மாறி மாறி வரும்.

சிறிய ஊர்களில் விருந்து என்ற பழைய பொருள் இன்னும் மங்கவில்லை. ‘கந்தூரி கொடுப்பது’ என்றால் நேர்ந்துகொண்டபடி ஆடோ கோழியோ அறுத்துச் சமைத்து, வந்தவர்களோடு பகிர்ந்து உண்பது. இலங்கையின் கல்முனைக்குடியில் கடற்கரைப் பள்ளிவாசலை ஒட்டி நாகூர் ஆண்டகையின் நினைவிடம் ஒன்று இருக்கிறது. அடக்கம் நாகூரில், கல்முனைக்குடியில் இருப்பது நினைவு மட்டுமே. நாகூரில் கொடி ஏறும் மாதத்திலேயே அங்கும் கொடி ஏறுகிறது. ஆனால் கந்தூரி என்ற பெயர் அங்கே நிறைவு நாளில் சமைத்து ஊருக்கு வழங்கும் சோற்றுக்கு உரியது. விழாவுக்குப் பெயர் கொடியேற்றம். ஒரே இறைநேசர், ஒரே மாதம், ஒரே சொல். கடலின் இந்தப் பக்கம் அது விழா, அந்தப் பக்கம் சோறு.

20ஆம் நூற்றாண்டில் சீர்திருத்தம் பேசிய முஸ்லிம்கள் தர்கா வழிபாட்டோடு கந்தூரியையும் மார்க்கத்தில் இல்லாத புதுமை என்று எதிர்த்தனர். பல குடும்பங்கள் அதிலிருந்து விலகின.

வங்கக் கடலைத் தாண்டிய இடங்களிலோ கந்தூரி என்ற சொல் இன்னும் விரிந்த வாழ்வைப் பெற்றது. மலாயில் ‘கெண்டுரி’ என்பது ஊரார் கூடி உண்ணும் எந்த விருந்துக்கும் பொதுப்பெயர். திருமண விருந்து ‘கெண்டுரி கவின்’. இறைநேசரின் நினைவு அதில் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பினாங்கின் புகழ்பெற்ற ‘நாசி கண்டார்’ சோற்றை இதனோடு சேர்த்து எண்ணத் தோன்றும். அது வேறு சொல். தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் சுமந்த காவடித் தண்டுக்கு மலாயில் கண்டார் என்று பெயர்.

சுமத்ராவின் வடமுனையிலுள்ள ஆச்சேயில் கந்தூரி வாழ்க்கை முழுவதையும் தொட்டது. வயலுக்கு ஒரு கந்தூரி (‘கந்தூரி பிளாங்’), கடலுக்கு ஒரு கந்தூரி (‘கந்தூரி லாவூத்’), நபிகளின் பிறந்தநாளுக்கு ஒரு கந்தூரி. அங்கே மாதங்களுக்கும் இச்சொல்லே பெயர் தந்தது: ஷஅபான் ‘சோற்றுக் கந்தூரி’ மாதம், ரஜப் ‘அப்பக் கந்தூரி’ மாதம். அங்கே அப்பத்துக்கு வழங்கும் ‘அபாம்’ என்ற பெயர் நம்முடைய அப்பம்தான். பாரசீக விரிப்பும் தமிழ் அப்பமும் சேர்ந்து ஓர் அரபு மாதத்துக்குச் சுமத்ராவில் பெயராயின. ஜாவாவில் ‘கெண்டுரி’ முடிந்து எழும் ஒவ்வொருவர் கையிலும் வீட்டுக்கு எடுத்துச் செல்ல ஒரு பொட்டலம் இருக்கும்; அதற்குப் பெயர் ‘பெர்கத்’. அருள்வளம் என்று பொருள்படும் ‘பரக்கத்’ என்ற அரபுச் சொல்தான் அதற்கும், தமிழ்நாட்டுத் தர்காக்களில் கிடைக்கும் ‘தபர்ருக்’குக்கும் வேர்.