பர்மிங்காம் சமகாலப் பண்பாட்டு ஆய்வு மையம்

பர்மிங்காம் சமகாலப் பண்பாட்டு ஆய்வு மையம் (1964–2002) இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் இயங்கிய ஆய்வு நிறுவனம். தொலைக்காட்சிச் செய்தி, வார இதழ், திரைப்படம், இளைஞர்களின் உடை, பாட்டு ஆகியவற்றையும் காவியத்துக்குக் காட்டும் கவனத்தோடு படிக்க வேண்டும் என்ற எண்ணத்துக்குப் பிரிட்டனின் பல்கலைக்கழகங்களில் இடம் பிடித்துக் கொடுத்தது இதுதான். ஊடகவியல், பண்பாட்டியல் என்ற பெயர்களில் இன்று உலகெங்கும் நடக்கும் பட்டப்படிப்புகள் பலவற்றின் பாடத்திட்டத்தில் இதன் கை தெரியும்.

பண்பாட்டு ஆய்வுத் துறையின் தொடக்கத்தைத் தேடினால் மாலை நேர வகுப்புகளில் போய் நிற்போம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, பல்கலைக்கழகத்துக்குப் போக வாய்ப்பில்லாத தொழிலாளர்களுக்கும் இல்லத்தரசிகளுக்கும் இலக்கியமும் வரலாறும் சொல்லித்தர வகுப்புகள் நடந்தன. நம் ஊரில் முதியோர் கல்வி என்றதும் எழுத்தறிவு நினைவுக்கு வரும். இவை அப்படிப்பட்டவை அல்ல. ஹல் பல்கலைக்கழகத்தின் சார்பில் ரிச்சர்ட் ஹாகர்ட்டும், ஆக்ஸ்ஃபோர்டின் சார்பில் ரேமண்ட் வில்லியம்ஸும், லீட்ஸின் சார்பில் ஈ. பி. தாம்சனும் இவற்றில் ஆண்டுக்கணக்கில் பாடம் எடுத்தார்கள். பகலெல்லாம் உழைத்துவிட்டு வருபவர்கள், படிக்கும் புத்தகத்துக்கும் தாங்கள் வாழும் வாழ்க்கைக்கும் என்ன தொடர்பு என்று கேட்காமல் விடமாட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில்தான் பண்பாட்டு ஆய்வு பிறந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

ஹாகர்ட் லீட்ஸ் நகரின் ஹன்ஸ்லெட் பகுதியில், பெற்றோரை இழந்து, பாட்டியிடம் வளர்ந்தவர். 1957இல் வந்த ‘எழுத்தறிவின் பயன்கள்’ என்ற நூலில் அந்தப் பகுதியையே எழுதினார். கணப்பு மூட்டிய முன்னறை, அம்மாவின் சிக்கனம், வாய்மொழியாக வரும் பழமொழிகள், மதுக்கூடத்தில் கூடிப் பாடும் பாட்டு என்று அதன் முதற்பாதி ஒரு தொழிலாளர் குடும்பத்தைக் கண்முன் நிறுத்துகிறது. மலிவு இதழ்களும் பாட்டுப் பெட்டியும் இதையெல்லாம் கரைத்துவிடும் என்று அஞ்சும் பின்பாதி சற்றுக் கடுமையானது. இளைஞர்களை அவர் இன்னும் பரிவோடு பார்த்திருக்கலாம். வில்லியம்ஸின் ‘பண்பாடும் சமூகமும்’ 1958இலும், தாம்சனின் ‘ஆங்கிலத் தொழிலாளர் வர்க்கத்தின் உருவாக்கம்’ 1963இலும் வந்தன.

1962இல் பர்மிங்காமில் ஆங்கிலப் பேராசிரியரான ஹாகர்ட், மையம் ஒன்று தொடங்க அனுமதி கேட்டார். பணத்தை வெளியே தேட வேண்டியிருந்தது. பென்குவின் பதிப்பகத்தின் ஆலன் லேன், ஆண்டுக்கு 2,400 பவுண்டு வீதம் ஏழாண்டுகள் தர ஒப்புக்கொண்டார். பென்குவினுக்கு ஹாகர்ட் புதியவர் அல்ல; 1960இல் டி. எச். லாரன்ஸின் நாவல் ஆபாசமானது என்று பென்குவின் மீது வழக்கு நடந்தபோது, அந்நூலுக்காகச் சாட்சி சொன்னவர்களில் ஹாகர்ட் முக்கியமானவர். மையம் 1964இல் திறந்தது.

அந்தப் பணத்தில் ஹாகர்ட் அழைத்துவந்தவர் ஸ்டூவர்ட் ஹால். 1932இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து, உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்தவர். ‘நியூ லெஃப்ட் ரிவ்யூ’ இதழின் முதல் ஆசிரியர். லண்டன் பள்ளியொன்றில் ஆசிரியராகவும் இருந்தவர். ஹாகர்ட் யுனெஸ்கோ பணிக்குப் போனபின் மையம் 1979 வரை ஹாலின் பொறுப்பில் இருந்தது. எழுபதுகளில் ஆசிரியர் எண்ணிக்கை மூன்றைத் தாண்டவில்லை. அதனால் மாணவர்கள் சிறு குழுக்களாகப் பிரிந்து, சேர்ந்து படித்து, சேர்ந்து எழுதினார்கள். மார்க்சியச் சிந்தனையாளர்களான கிராம்சியையும் அல்தூசரையும் அப்போதுதான் வந்துகொண்டிருந்த மொழிபெயர்ப்புகளில் படித்தார்கள். எழுதியதை சைக்ளோஸ்டைல் எடுத்துச் சுற்றுக்கு விட்டார்கள். ஒரே புத்தகத்தின் அட்டையில் நான்கைந்து பெயர்கள் இருப்பது இங்கே வழக்கம்.

அப்படிச் சுற்றில் போன தாள்களில் ஒன்றுதான் தொலைக்காட்சியின் குறியாக்கமும் குறியவிழ்ப்பும் பற்றி ஹால் 1973இல் எழுதிய கட்டுரை. வேலைநிறுத்தச் செய்தி ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாட்டின் பொருளாதாரத்துக்குக் கேடு என்ற தொனியில் அது தயாரிக்கப்படுகிறது; இது குறியாக்கம். பார்ப்பவர் அதற்குப் பொருள் கொள்வது குறியவிழ்ப்பு. அதை அப்படியே ஏற்பவர் உண்டு. பொதுவாகச் சரிதான், ஆனால் எங்கள் ஆலையில் கோரிக்கை நியாயமானது என்பவர் உண்டு. இது முதலாளியின் பேச்சு என்று மறுப்பவரும் உண்டு. பார்வையாளர் ஊற்றியதை அப்படியே வாங்கிக்கொள்ளும் பாத்திரம் இல்லை என்று ஆனது.

மையத்தில் இருந்த டேவிட் மார்லி இதைச் சோதித்துப் பார்த்தார். பிபிசியின் ‘நேஷன்வைட்’ என்ற நடப்பு விவகார நிகழ்ச்சியை 29 குழுக்களுக்குப் போட்டுக்காட்டிப் பேசவைத்தார். முடிவுகள் 1980இல் நூலாயின. வங்கி மேலாளர்களுக்கு நிகழ்ச்சியின் பார்வை இயல்பாகப் பட்டது. ஆலைகளின் தொழிற்சங்கப் பிரதிநிதிகள் அதை எதிர்த்தார்கள். அதே தொழிலாளர் குடும்பங்களிலிருந்து வந்த பயிற்சித் தொழிலாளர்களோ பெரும்பாலும் மேலாளர்களோடு ஒத்துப்போனார்கள். கறுப்பின மாணவர் சிலர், இதில் எங்களுக்கு ஒன்றுமில்லை என்று ஒதுங்கிக்கொண்டார்கள். வர்க்கம் தெரிந்தால் வாசிப்பும் தெரிந்துவிடும் என்ற கணக்கு பொய்த்தது. துறைக்குக் கிடைத்த மிக நேர்மையான பாடம் இது.

ஐவர் சேர்ந்து எழுதிய ‘நெருக்கடிக்குக் காவல்’ (1978) மையத்தின் சிகரம். பர்மிங்காமின் ஹேண்ட்ஸ்வொர்த் பகுதியில் 1972இல் நடந்த வழிப்பறிக்காக ஒரு சிறுவனுக்கு 20 ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. தெருவில் பறித்தல் பழைய குற்றம். ‘மக்கிங்’ என்ற பெயர் மட்டும் அமெரிக்காவிலிருந்து புதிதாக வந்தது. செய்தித்தாள், நீதிமன்றம், காவல்துறை மூன்றும் ஒன்றையொன்று மேற்கோள் காட்டிக் கறுப்பின இளைஞனை நாட்டின் அச்சமாக மாற்றியதை அந்நூல் படிப்படியாகக் காட்டியது. சட்டம், ஒழுங்கு என்ற முழக்கத்தில் அரசியல் வலப்பக்கம் சாய்கிறது என்றும் சொன்னது. மறுஆண்டே வலதுசாரியான மார்கரெட் தாட்சர் ஆட்சிக்கு வந்தார். மையத்துக்குள்ளும் கேள்விகள் எழுந்தன. இளைஞர் பண்பாட்டில் ஆண்களின் கலகத்தை மட்டுமே பேசுகிறோம் என்று பெண்கள் குழு 1978இலும், இனத்தைக் கண்டுகொள்ளவில்லை என்று பால் கில்ராய் முதலானோர் 1982இலும் தனித்தனி நூல்கள் கொண்டுவந்தார்கள்.

இதற்கிடையே பட்டப்படிப்புகள் பரவின. லண்டனின் ஒரு பாலிடெக்னிக்கில் 1975இல் ஊடகவியலில் இளங்கலை தொடங்கியது. ஹால் 1979இல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே சேர முன்தகுதி தேவையில்லை. அந்நாளைய மாலை வகுப்புகளுக்கு வந்தவர்களைப் போன்ற மாணவர்களே இப்போது அவர் முன் இருந்தார்கள். ‘பயனற்ற படிப்பு’ என்ற ஏச்சு அன்றிலிருந்து துறையைத் தொடர்கிறது. செய்தி எப்படிச் செய்யப்படுகிறது என்று அறிந்துகொள்வதைப் பயனற்றது என்று என்னால் ஒப்பமுடியாது.

மையம் வளர்ந்த அறுபதுகளில் அதே வளாகத்தில் ஈழத்துத் தமிழ்த் திறனாய்வாளர்களான க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் கிரேக்கப் பேராசிரியர் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்தார்கள். அவர்கள் பயின்றது வேறு துறையில். ஆயினும் தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்புச் சாதனமாகப் பார்த்து சிவத்தம்பி பின்னாளில் எழுதிய நூலை இத்துறையோடு சேர்த்துப் படிப்பதில் பொருளுண்டு.

மையம் எண்பதுகளின் இறுதியில் இளங்கலையும் நடத்தும் துறையானது. 2001இல் நடந்த தேசிய ஆய்வு மதிப்பீட்டில் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த தரம் கிடைத்தது. மாணவர்கள் விரும்பிச் சேர்ந்துகொண்டிருந்த துறையை, உலகெங்கிலுமிருந்து வந்த எதிர்ப்புக் கடிதங்களையும் மீறிப் பல்கலைக்கழகம் 2002 கோடையில் மூடியது. ஹால் 2014 பிப்ரவரியிலும் ஹாகர்ட் அதே ஆண்டு ஏப்ரலிலும் மறைந்தார்கள். ஜூனில் பர்மிங்காமில் மையத்தின் 50ஆம் ஆண்டுக் கருத்தரங்கு நடந்தது. எழுபதுகளில் கைமாறிப் போன சைக்ளோஸ்டைல் தாள்கள், மையத்தின் பிற ஆவணங்களோடு, அப்பல்கலைக்கழகத்தின் காட்பரி ஆய்வு நூலகத்தில் இருக்கின்றன.