மலைக்கு வந்த மாற்றம்



புறத்தொடர்பால் ஒரு சமுதாயத்தின் நம்பிக்கையும் வாழ்க்கை முறையும் மாறுவது உலக வரலாற்றில் எங்கும் காணப்படுவதாகும். அதனை ஆராயத் தொலைநாடு செல்ல வேண்டுவதில்லை. குமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறை மலைகளில் வாழும் காணிக்காரர் வரலாறே போதும்.

காணிக்காரர் முன்னாளிலும் வெளியுலகம் அறியாதவரல்லர். திருவிதாங்கூர் மன்னருக்குத் தேனும் மூங்கிலும் கையுறையாகக் கொண்டு சென்றவர்கள் அவர்கள். ஆயினும் தம் வாழ்வைத் தாமே நடத்தினர். காட்டில் ஓரிடத்தை வெட்டி எரித்துச் சில ஆண்டுகள் பயிரிடுவர். நிலம் இளைத்ததும் வேறிடம் பெயர்வர். குடியிருப்பின் தலைவர் மூட்டுக்காணி எனப்பட்டார். நோய் தீரவும் தெய்வத்தை வேண்டவும் பிலாத்தி என்னும் பூசாரி, கொக்கரை என்ற இரும்புக் கருவியை இசைத்துப் பாடுவார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசு காடுகளைக் காப்புக்காடுகளாக்கத் தொடங்கிற்று. 1897இல் மூலம் திருநாள் மன்னர் ஆட்சியில், மிஞ்சின் என்னும் பொறியாளர் மேற்பார்வையில் கோதையாற்றின் குறுக்கே தொடங்கிய அணைவேலை 1906இல் நிறைவுற்றது. சமவெளியில் நாஞ்சில் நாட்டு வயல்கள் செழித்தன. மலையிலோ சாலையும் அலுவலரும் வணிகரும், அவர்களைத் தொடர்ந்து ரப்பர்த் தோட்டங்களும் வந்தன.

இங்கே ஓர் ஒப்புமை கருதத்தக்கது. மரச்சீனி, ரப்பர் இரண்டும் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவையே. மரச்சீனி கொத்திய நிலத்தில் எளிதில் வளர்வது; வேண்டியவர் நட்டனர், வேண்டாதவர் விட்டனர். இன்று அது மலையின் சொந்த உணவாகவே எண்ணப்படுகிறது. ரப்பர் அவ்வாறன்று. நட்டு ஏழாண்டளவில்தான் பால் தரும். பின்னர்ப் பல்லாண்டு அதே நிலத்தில் நிற்கும். காட்டுச் சட்டத்தால் ஒடுங்கியிருந்த பெயர்ச்சி வேளாண்மைக்கு இனி இடமேது? அடுத்து எவ்விடத்தைத் திருத்துவது என்று முடிவு செய்தவர் மூட்டுக்காணி. திருத்த இடமே இல்லாதபோது அவர் தலைமைக்குப் பொருள் குறைந்தது. மருத்துவமனை வந்ததும் பிலாத்தியை நாடுவோரும் குறைந்தனர். வாழ்க்கைமுறை முன்னே மாற, நம்பிக்கை அதனைப் பின்தொடர்ந்தது.

இவற்றையெல்லாம் கேடு என்று கூறுவதற்கில்லை. காய்ச்சலுக்கு மருந்தும் பிள்ளைகளுக்குக் கல்வியும் கிடைத்தமை பெரும்பேறே. ஆனால், அறியாமையில் இருந்தவர்க்கு நாம் நாகரிகம் கொடுத்தோம் என்று ஓர் ஆசிரியர் வகுப்பில் சொல்வாராயின், அதனை நான் ஏற்கமாட்டேன். 1987இல் அகத்திய மலைக்குச் சென்ற அறிவியலாருக்கு, களைப்பு நீக்கும் ஆரோக்கியப்பச்சை என்னும் செடியைக் காட்டியவர்கள் கேரளத்துக் காணிக்காரர்களே. அதிலிருந்து உருவான மருந்தின் வருவாயில் அவர்களுக்கும் பங்கு வழங்கப்பட்டது. கற்பித்தவர் யார், கற்றவர் யார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மாற்றம் வருவது இயல்பு. அதனை ஏற்கவும் மறுக்கவும் அம்மக்களுக்கு உரிமை இருந்ததா என்பதே வரலாற்று மாணவன் கேட்க வேண்டிய கேள்வி. மரச்சீனிக்கு அவ்வுரிமை இருந்தது. காப்புக்காட்டிற்கும் அணைக்கும் இருந்ததில்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், காட்டுநில உரிமைக் கோரிக்கைகளை முதலில் கிராம சபையே ஆராய வேண்டுமென வகுத்தது. நூறாண்டு கழித்தேனும் அக்கேள்வி சட்டத்தில் இடம்பெற்றது. அது மலையில் நடைமுறையாக வேண்டுமானால், மூத்தோரின் அறிவையும் பள்ளிக் கல்வியையும் ஒருங்கே பெற்ற காணிக்கார இளைஞர் அச்சபையில் அமர வேண்டும். அவர்களைத் தம் மொழிக்கும் பாட்டுக்கும் நாணாதவர்களாக வளர்ப்பது நம் பள்ளிகளின் கடமையாகும்.