வணிகக் கட்டிடங்களின் தட்டைக் கூரை

தட்டைக் கூரை என்பது, மிகக் குறைந்த சரிவுடன் அமைக்கப்படும் கூரை ஆகும். கிடங்குகள், தொழிற்சாலைகள், பல்பொருள் அங்காடிகள், அலுவலகங்கள் போன்ற அகலம் கூடிய கட்டிடங்களில் இவ்வகைக் கூரை பெருமளவில் பயன்படுகின்றது. இத்தகைய கட்டிடங்களுக்குச் சரிவுக் கூரை அமைப்பதாயின் அதன் உயரமும் செலவும் மிகவும் கூடிவிடும். அத்துடன், குளிரூட்டும் இயந்திரங்கள், சூரிய மின்தகடுகள் முதலியவற்றை வைப்பதற்கும் தட்டைக் கூரை இடம் தருகின்றது.

பெயரில் தட்டை எனினும், இக்கூரை முற்றிலும் கிடையாக அமைவதில்லை. ஐக்கிய அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் பன்னாட்டுக் கட்டிட விதித்தொகுப்பு, புதிய தட்டைக் கூரைகளுள் பெரும்பாலானவற்றுக்குக் குறைந்தது 48-க்கு 1 என்ற அளவிலான (சுமார் 2%) சரிவு வேண்டும் என்கிறது.

அடிப்படை

சரிவுக் கூரையில் ஓடுகள் நீரை வழிந்தோடச் செய்கின்றன. ஓடுகளுக்கு இடையே சிறு இடைவெளி இருப்பினும் நீர் உள்ளே புகுவதில்லை. தட்டைக் கூரையில் நீர் மெதுவாகவே வடிவதால், இடைவெளியற்ற ஒரே நீர்த்தடுப்புப் பரப்பு தேவைப்படுகின்றது. எனவே இக்கூரையின் தரம், பயன்படுத்தும் பொருளை விட, அப்பொருளின் இணைப்புகளையும் விளிம்புகளையும் பொறுத்தே அமைகின்றது.

பொதுவாக ஒரு தட்டைக் கூரையில் கீழிருந்து மேலாகப் பின்வரும் அடுக்குகள் இருக்கும்:

1. தளம் - எஃகுத் தகடு, காங்கிறீற்று அல்லது மரம்
2. ஆவித்தடுப்பு - கட்டிடத்தின் உள்ளிருந்து வரும் ஈரக்காற்றைத் தடுப்பது
3. வெப்பக் காப்புப் பலகைகள்
4. நீர்த்தடுப்புப் படலம்
5. சரளைக் கல் அல்லது வேறு பாதுகாப்பு அடுக்கு (சில வகைகளில் மட்டும்)

நீர்த்தடுப்புப் படலத்தின் மேல் வெப்பக் காப்பு அமையும் வகை தலைகீழ்க் கூரை எனப்படுகின்றது. இதில் படலம் வெயிலிலிருந்து காக்கப்படுகின்றது. ஆனால் கசிவு ஏற்பட்டால் அதன் இடத்தைக் கண்டறிவது கடினம்.

வகைகள்

பல்லடுக்கு நிலக்கீல் கூரை: நிலக்கீலும் நமுதாவும் மாறிமாறி இடப்பட்டு, மேலே சரளை பரப்பப்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் வழக்கில் உள்ள முறை. ஓர் அடுக்கு பழுதானாலும் அடுத்த அடுக்கு காக்கும் என்பது இதன் சிறப்பு. எடை கூடுதல், சூடான நிலக்கீலைக் கையாளும் ஆபத்து ஆகியவை குறைகள்.

மேம்படுத்திய நிலக்கீல் சுருள்: 1960களில் ஐரோப்பாவில் உருவானது. நிலக்கீலுடன் பல்பகுதியம் கலந்து, நெகிழ்தன்மையும் வெப்பம் தாங்கும் திறனும் கூட்டப்படுகின்றன. சில வகைகள் தீச்சுவாலையால் உருக்கி ஒட்டப்படுகின்றன.

ஈ.பி.டி.எம்: ஒரு வகைச் செயற்கை இறப்பர். புற ஊதாக் கதிரையும் குளிரையும் நன்கு தாங்கும். அகலமான விரிப்புகளாகக் கிடைப்பதால் இணைப்புகள் குறைவு. எண்ணெய், கொழுப்பு ஆகியவை பட்டால் இது உப்பிக் கெடும்.

பி.வி.சி: இணைப்புகள் சூடான காற்றினால் உருக்கிப் பற்றவைக்கப்படுகின்றன. கொழுப்பைத் தாங்குவதால் உணவகங்களுக்கு ஏற்றது. நிலக்கீலுடனோ பாலிசுடைரீன் காப்புப் பலகையுடனோ நேரடியாகத் தொட்டிருந்தால், இதிலுள்ள நெகிழ்வூட்டிப் பொருள் வெளியேறிப் படலம் நொறுங்கும் தன்மை அடையும். ஆகவே இடையே பிரிப்புத் துணி இடவேண்டும்.

டி.பி.ஓ: 1990களில் அமெரிக்கச் சந்தையில் பரவியது. இதுவும் சூடான காற்றினால் பற்றவைக்கப்படுவது. பெரும்பாலும் வெள்ளை நிறத்தில் வருகின்றது.

தேர்வு

கூரையைத் தேர்ந்தெடுக்கையில் முதலில் தாங்கும் கட்டமைப்பின் வலுவை அறியவேண்டும். படலத்தை ஒட்டாமல் சரளையின் எடையால் மட்டும் நிறுத்தும் முறையில், சதுர மீற்றருக்குச் சுமார் 50 கிலோகிராம் சுமை கூடுகின்றது. பழைய கட்டிடங்கள் பல இதைத் தாங்கா.

இரண்டாவது, காற்று. கூரையின் மேல் வீசும் காற்று அதை மேல்நோக்கி உறிஞ்சுகின்றது. இவ்விசை நடுப்பகுதியை விட விளிம்புகளிலும், விளிம்புகளை விட மூலைகளிலும் அதிகம். அதனால் மூலைகளில் திருகாணிகள் நெருக்கமாக இடப்படுகின்றன.

மூன்றாவது, தீ. 1953 ஆம் ஆண்டு மிச்சிகன் மாநிலத்தின் லிவோனியாவில் ஒரு மாபெரும் ஊர்திப் பாகத் தொழிற்சாலை எரிந்தபோது, கூரையின் எஃகுத் தகட்டின் மேலிருந்த நிலக்கீல் உருகி உள்ளே சொட்டித் தீயைப் பரப்பியது. இதன் பின்னரே கூரையைத் தனிப் பொருட்களாக அன்றி முழு அடுக்கமைப்பாகவே தீச்சோதனைக்கு உட்படுத்தும் வழக்கம் வலுப்பெற்றது.

நான்காவது, வெப்பம். வெள்ளைப் பரப்பு வெயிலைத் திருப்பி அனுப்புவதால் குளிரூட்டும் செலவு குறையும். குளிர் மிகுந்த நாடுகளில் இந்தப் பயன் குறைவு.

நிறுவுதல்

தளம் உலர்ந்தும் தூய்மையாகவும் இருக்கவேண்டும். ஈரத்தின் மீது படலம் இட்டால், நீராவி விரிந்து கொப்புளங்கள் தோன்றும். காப்புப் பலகைகளை இரண்டு அடுக்குகளாக, இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வராதவாறு இடுவது நல்லது. படலத்தின் மேற்படிவுகள் நீரோட்டத்துக்கு எதிராக அமையக்கூடாது. பற்றவைத்த இணைப்பு ஒவ்வொன்றும், ஆறிய பின்னர் கூர்முனைக் கருவியால் சோதிக்கப்படும்.

கசிவுகள் பெரும்பாலும் பரப்பின் நடுவில் அன்றி, கைப்பிடிச் சுவர், குழாய்கள் துளைக்கும் இடம், வடிகால் வாய் ஆகியவற்றிலேயே தொடங்குகின்றன. ஆகவே சுவரை ஒட்டிய இடங்களில் படலத்தை 150 முதல் 200 மில்லிமீற்றர் உயரம் வரை மேலேற்றி, அதன் மேல்முனையை உலோகப் பட்டையால் இறுக்குவர்.

முதன்மை வடிகால் அடைத்துக்கொண்டால் நீர் வெளியேறுவதற்கு, சற்று உயரத்தில் இரண்டாவது வழி கட்டாயம் தேவை.

சுமையும் விபத்துகளும்

ஒரு சதுர மீற்றர் பரப்பில் 10 செ.மீ நீர் தேங்கினால் அதன் எடை 100 கிலோகிராம். 1000 சதுர மீற்றர் கூரையில் இது 100 தொன் ஆகும். நீரின் எடையால் கூரை வளைய, வளைந்த இடத்தில் மேலும் நீர் சேர, கூரை மேலும் வளையும். இந்தச் சுழற்சி இடிவு வரை செல்லக்கூடும்.

2006 சனவரி 28 அன்று போலந்தில் கட்டோவிச் நகருக்கு அருகே, பனி அகற்றப்படாத கண்காட்சிக் கூடத்தின் கூரை இடிந்து 65 பேர் இறந்தனர். 2013 நவம்பர் 21 அன்று லாத்வியாவின் ரீகா நகரில் ஒரு பல்பொருள் அங்காடியின் கூரை இடிந்து 54 பேர் இறந்தனர். அப்போது அக்கூரையின் மீது தோட்டம் அமைப்பதற்கான பணி நடந்துகொண்டிருந்தது. தாங்கு சட்டங்களின் வடிவமைப்பில் இருந்த தவறு விசாரணையில் வெளிப்பட்டது.

பராமரிப்பு

ஆண்டுக்கு இரு முறையும், பெரும் புயலுக்குப் பின்னரும் கூரையைப் பார்வையிடுவது வழக்கம். வடிகாலில் சேரும் இலைகளை அகற்றுவதே மிக எளிய, ஆனால் மிகப் பயனுள்ள பணி. பழைய கூரையின் மேல் புதிய படலம் இடும் முன், உள்ளே ஈரம் உள்ளதா என்று வெட்டிப் பார்க்கவேண்டும். ஏற்கனவே இரண்டு கூரை அமைப்புகள் இருப்பின், அவற்றை அகற்றிய பின்னரே புதியது இடவேண்டும் என்பது மேற்குறித்த விதித்தொகுப்பின் பொது விதி.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் தட்டைக் கூரை நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. மெட்ராசு டெரசு எனப்படும் பழைய முறையில், மர உத்தரங்களின் மேல் செங்கற்கள் சுண்ணாம்புச் சாந்தால் பதிக்கப்பட்டு, அதன்மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்த அடுக்கு இடப்பட்டது. இன்றைய காங்கிறீற்றுக் கூரைகளிலும் செங்கல் சல்லி அடுக்கும் தட்டோடும் பதிக்கும் வழக்கம் தொடர்கின்றது. இவ்வடுக்கு வெப்பத்தைக் குறைப்பதுடன், நீர் வடிவதற்கான சரிவையும் தருகின்றது.

இவற்றையும் பார்க்கவும்

* கூரை
* வெப்பக் காப்பு
* நிலக்கீல்
* பசுமைக் கூரை