பளிங்கு நகரங்களை வீழ்த்தியது யார்?

‘தி எல்டர் ஸ்க்ரோல்ஸ்: ஆப்ளிவியன்’ 2006-இல் வெளியான கணினி விளையாட்டு. 2025 ஏப்ரலில் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் வந்தது. சிரோடில் என்ற கற்பனை நாட்டில் நடக்கிறது கதை. காட்டுக்குள் எங்கு திரும்பினாலும் வெள்ளைக் கல் இடிபாடுகள். உள்ளே இறங்கினால் பல்லாயிரம் ஆண்டுகள் கழித்தும் அணையாமல் ஒளிரும் மாயக் கற்கள். கட்டியவர்கள் அய்லெய்டுகள் என்ற எல்ஃப் இனத்தார். விளையாடும் எல்லோருக்கும் ஒரு கேள்வி எழும்: இவ்வளவு முன்னேறிய நாகரிகம் ஏன் அழிந்தது?

அந்தக் கேள்வியில் ஒரு சார்பு இருக்கிறது. அது கோபுரத்தின் உச்சியில் நின்று கேட்கப்படும் கேள்வி. கோபுரத்துக்குக் கல் சுமந்தவர்களின் பக்கமிருந்து நாம் கேட்டால், ‘எப்படி விடுதலை கிடைத்தது?’ என்றுதான் கேட்போம். நிகழ்வு ஒன்றே. ஒருவருக்கு வீழ்ச்சி, இன்னொருவருக்கு விடுதலை.

அய்லெய்டுகளின் வளம் நீடியர் என்ற மனித இனத்தாரின் அடிமை உழைப்பில் நின்றது. உழைப்பைப் பறித்ததோடு அவர்கள் நிற்கவில்லை. அடிமைகளின் உடலைச் சிதைப்பதையே கலையாகவும் கேளிக்கையாகவும் கொண்டாடிய நகரங்கள் இருந்ததாக அந்த உலகின் பழங்கதைகள் சொல்கின்றன. அந்தக் கொடுமையும் அந்தப் பளிங்கு அழகும் ஒரே சமூகத்தின் படைப்புகள்தான். ஒன்றை மட்டும் ‘நாகரிகம்’ என்று பிரித்தெடுத்து வியப்பது நேர்மையாகாது.

முதல் யுகம் 242-இல் அலெசியா என்ற அடிமைப் பெண்ணின் தலைமையில் கிளர்ச்சி வெடித்தது. மறு ஆண்டே ஆதிக்கத்தின் மையமான வெண்பொன் கோபுரம் கிளர்ச்சியாளர் கைக்கு வந்தது. பெலினல் என்ற வீரன் அய்லெய்டு மன்னன் உமாரிலை வீழ்த்தியதை எல்லோரும் பாடுகிறார்கள். ஆனால் ஒரு வாள்வீச்சில் ஓர் ஆட்சி சரிவதில்லை. காரணங்கள் முன்பே சேர்ந்திருந்தன. அய்லெய்டுகளுக்கு ஒரே அரசு கிடையாது. ஒன்றோடொன்று மோதிய நகர அரசுகள்தான். எந்தத் தெய்வங்களை வணங்குவது என்பதில் தங்களுக்குள்ளேயே போரிட்டார்கள். வடக்கிலிருந்து நார்டுகளின் படை கிளர்ச்சிக்குத் துணை வந்தது. சில அய்லெய்டு சிற்றரசர்களும் அலெசியா பக்கம் சேர்ந்தார்கள்.

இந்தக் கடைசிச் செய்தியைக் கவனியுங்கள். அவர்களில் எல்லோரும் அடிமைகள்மேல் இரக்கப்பட்டு வந்தவர்களாக இருக்க முடியாது. மேலே இருந்த அதிகாரம் தங்களையும் அழுத்தியபோது கணக்குப் பார்த்து வந்தவர்களும் இருந்திருப்பார்கள். வெற்றிக்குப் பிறகு அவர்களுடைய நகரங்கள் அவர்களிடமே இருந்தன. அண்ணல் அம்பேத்கர் விளக்கிய படிநிலைச் சமத்துவமின்மையைப் படித்த நமக்கு இது புதிதல்ல. நடுப்படியில் இருப்பவர் மேல்படியை எதிர்ப்பதால் மட்டும் ஏணியையே எதிர்ப்பவராகிவிடுவதில்லை. கூட்டணி தேவைதான். யார் எதற்காக வருகிறார் என்ற தெளிவும் தேவை.

பிறகு நடந்தது இன்னும் கசப்பானது. எல்ஃப்கள்மீது கொண்ட வெறியில் பெலினல், கஜீத் என்ற பூனை முக மக்களையும் எல்ஃப்கள் என்று எண்ணிக் கொன்று குவித்தான். 266-இல் அலெசியா இறந்தாள். மக்கள் அவளைப் புனிதராக்கினார்கள். சுமார் நூறு ஆண்டுகளில் மாருக் என்ற சமயத் தலைவன் அவள் ஆவி தன்னிடம் பேசியதாகச் சொல்லி, அவள் பெயரிலேயே ஒரு சபையை உருவாக்கினான். 361-இல் அதன் இறுக்கமான கோட்பாடுகள் பேரரசின் சட்டமாயின. எல்ஃப் வெறுப்பே அதன் அடிநாதம். எஞ்சிய அய்லெய்டுகள், முன்பு துணைநின்றவர்கள் உட்பட, துரத்தப்பட்டார்கள். விடுதலைக்காகப் போராடிய பெண்ணின் பெயர் ஒடுக்குமுறையின் முத்திரையாயிற்று.

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், அரசியலில் தனிமனித வழிபாடு சீரழிவுக்கும் சர்வாதிகாரத்துக்கும் வழி என்று எச்சரித்தார். தலைவரைச் சிலையாக்கிவிட்டால், அவர் வாயில் யார் வேண்டுமானாலும் எந்தச் சொல்லையும் வைக்கலாம். தலைவரைப் படிப்பதுதான் அதற்குத் தடுப்பு.

இதே தொடரில் 2011-இல் வந்த ‘ஸ்கைரிம்’ இன்னொரு பாடம் தருகிறது. ட்வெமர் என்ற இனத்தார் நிலத்தடியில் எந்திர நகரங்கள் கட்டியவர்கள். முதல் யுகம் 700-இல் ஒரே கணத்தில் மறைந்துபோனார்கள். அவர்கள் எங்கே போனார்கள் என்று விளையாடுவோர் இன்றும் விவாதிக்கிறார்கள். அதே நகரங்களில் திரியும் பார்வையற்ற ஃபால்மர்களை ‘அரக்கர்கள்’ என்று வெட்டிவிட்டுக் கடந்து போகிறார்கள். ஒரு காலத்தில் அந்த ஃபால்மர்கள் பனி எல்ஃப்கள். நார்டுகளிடமிருந்து தப்பி ட்வெமரிடம் அடைக்கலம் கேட்டார்கள். நச்சுக் காளானை உண்ண வேண்டும் என்பதே அடைக்கலத்தின் விலை. அது அவர்கள் பார்வையைப் பறித்தது. பிறகு அடிமைகளாக்கப்பட்டார்கள். கண்ணைப் பறித்தவர்கள் அறிஞர்கள், பறிகொடுத்தவர்கள் அரக்கர்கள்! ஒரு மக்களை இழிநிலைக்குத் தள்ளிவிட்டு, அந்த இழிநிலையையே அவர்களின் இயல்பு என்று காட்டும் உத்தி நமக்குத் தெரியாததா?

கற்பனைக் கதைக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று சிலர் கேட்கலாம். பாடநூலைத் திறக்காத மாணவர்களும் இரவெல்லாம் விளையாடுகிறார்கள். வரலாற்றை எப்படிப் பார்ப்பது என்ற பழக்கம் அங்கேயும்தான் உருவாகிறது. ‘பொற்காலம்’, ‘வீழ்ச்சி’ என்ற சொற்கள் எதிர்ப்படும்போதெல்லாம் நாம் மூன்று கேள்விகளைக் கேட்போம். அந்த வளத்தை உழைத்து உருவாக்கியவர் யார்? வீழ்ச்சியால் இழந்தவர் யார், பெற்றவர் யார்? வென்றவர்கள் அடுத்து யார்மீது ஏறி நின்றார்கள்? மூன்றாவது கேள்வியைக் கேட்பதுதான் கடினம். நம் இயக்கங்களுக்குள்ளும், பெண் தோழர்களை எங்கே உட்கார வைக்கிறோம் என்பதிலிருந்து அதைத் தொடங்கலாம்.