திருமுக்கூடற் பள்ளியின் மாணவர் தொகை

உத்தரமேரூருக்கு வடக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் திருமுக்கூடல் உள்ளது. அவ்வூர் வேங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில், வீரராசேந்திர சோழன் (கி. பி. 1063-1070) காலத்து நெடிய கல்வெட்டொன்றைக் கண்டேன். மறைந்துபோன ஒரு பள்ளியின் மாணவர் பதிவேடென்றே அதனைச் சொல்லலாம்.

மாணவர் மொத்தம் 60 பேர். இருக்கு வேதம் கற்றோர் 10. யசுர் வேதம் கற்றோர் 10. வியாகரணம் கற்றோர் 20. எஞ்சிய 20 பேர் பாஞ்சராத்திரம், சைவம், வைகானசம் முதலிய நெறியினர். விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில், முதலாம் இராசேந்திரன் காலத்தில், 340 பேர் பயின்றனர். அதனை நோக்க இது சிறு பள்ளியே. எனினும் இங்கு உணவும் உறையுளும் சனி நீராட எண்ணெயும் இலவசம். 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை ஒன்றும் உடனிருந்தது.

இவற்றுக்கெல்லாம் பொருள் எங்கிருந்து வந்தது? வயலைக்காவூர் என்னும் ஊரின் வரியிலிருந்து வந்தது. அவ்வரிக்குரிய நெல்லை விளைத்தவர் உழவர். வேதம் ஓதுதலோ அந்நாளைய வழக்கப்படி அந்தணச் சிறுவர்க்கே உரியது. ஆதலின் உழவர் மக்களுக்கும் பெண்மக்களுக்கும் அந்த 60 இடங்களில் ஒன்றும் இல்லை.

அறம் பெரிதுதான், மறுப்பதற்கில்லை. ஆயினும் பழைய பள்ளி எதன் கணக்கைப் படித்தாலும், எத்தனை பேர் பயின்றனர் என்பதோடு நில்லாது, யார் யார் பயிலவில்லை என்றும் கேளுங்கள். வயலைக்காவூர்ப் பிள்ளைகளும் அப்பள்ளியின் வரலாற்றைச் சேர்ந்தவர்களே.