சமரசம்

வடமொழியிலிருந்து வந்த சொல். ‘சம’ என்றால் ஒத்த. ‘ரச’ என்றால் சுவை, சாரம். ஒரே சாரமாகக் கலந்து நிற்பதே முதற்பொருள். வேதாந்தத்தையும் சித்தாந்தத்தையும் தாயுமானவர் சமரசமாகக் கண்டதும், வள்ளலார் 1865இல் தொடங்கிய சங்கத்துக்கு இச்சொல்லைச் சூட்டியதும் இந்தப் பொருளில்தான். அங்கே யாரும் எதையும் இழப்பதில்லை.

இன்று வழக்கைப் பேசி முடிப்பதும் சமரசம், கொள்கையைக் கைவிடுவதும் சமரசம். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005இல் வந்த சமரச மையத்தில், பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். கட்டப்பஞ்சாயத்தில் முடியாது. வாசலில் நாலு பேர் நிற்பார்கள். காகிதத்தில் மட்டும் ‘முழு மனதுடன் சம்மதித்து’ என்று எழுதியிருக்கும்.

1932 புனா ஒப்பந்தம் இதைவிடச் சிக்கலானது. தாழ்த்தப்பட்டோருக்கான தனி வாக்காளர் தொகுதியை எதிர்த்து எரவாடா சிறையில் செப்டம்பர் 20 அன்று காந்தி உண்ணாவிரதம் தொடங்கினார். 24 அன்று அம்பேத்கர் கையெழுத்திட்டார். தனி வாக்காளர் தொகுதி போயிற்று, ஒதுக்கீட்டு இடங்கள் கூடின. காந்தியின் கையில் ஆயுதம் இல்லை, தன் உயிர்தான் இருந்தது. அந்த உயிர் போயிருந்தால் அடி சேரிகளில்தான் விழுந்திருக்கும். அந்த அச்சத்தின் நடுவே இட்ட கையெழுத்தைச் சமரசம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அம்பேத்கரும் 1945இல் வந்த தம் நூலில் அந்த உண்ணாவிரதத்தைக் கட்டாயப்படுத்தல் என்றே சொன்னார்.